15 டாலர் பெட்டியில் பழைய அமெரிக்க ரெவின்யூ ஸ்டாம்ப்: விலை போகுமா?

கேள்வி, 2 மார்ச் 2019

அண்ணா, பென்சில்வேனியாவுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் சேல், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்பார்களே, அது. ஷூ பெட்டி நிறையப் பழைய காகிதம், 15 டாலர். உள்ளே செக், கிரயப் பத்திரம், ரசீது, ஒரு பழைய போட்டோ, உதிரியாக நாற்பது ஸ்டாம்ப். அநேகமாக எல்லாவற்றிலும் ஜார்ஜ் வாஷிங்டன் தலை, மேலே பேனாக் கிறுக்கல், 1862, 1865 என்றெல்லாம் தேதி. ஆன்லைனில் இதே மாதிரி ஒன்றுக்கு 500 டாலர் கேட்கிறார்கள். நூற்றைம்பது வருடப் பழசாயிற்றே, நல்ல விலை போகும்தானே? கிறுக்கலை அழிக்க வழி உண்டா? காகிதத்திலிருந்து கழற்ற வெந்நீரா, பச்சைத் தண்ணீரா?

2 மார்ச், இரவு

கழற்றாதீர்கள் தம்பி. வெந்நீரும் வேண்டாம், பச்சைத் தண்ணீரும் வேண்டாம். அழிப்பானைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். மீதி நாளைக்கு.

3 மார்ச்

இவை தபால்தலை இல்லை, வரி கட்டிய அடையாளம். உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டியிருந்ததால் 1862 ஜூலை 1 அன்று ஒரு வரிச்சட்டம் வந்தது. ஸ்டாம்ப் வரி அமலுக்கு வந்தது அதே வருடம் அக்டோபர் 1. செக், பத்திரம், அடமானம், தந்தி, கப்பல் டிக்கெட், இன்ஷூரன்ஸ், சீட்டுக்கட்டு, மருந்துப் புட்டி என்று கைக்குக் கிடைத்ததன் மேலெல்லாம் ஒட்டச் சொன்னார்கள். அச்சடித்தது பிலடெல்பியாவில் பட்லர் அண்ட் கார்ப்பென்டர் கம்பெனி. 1 சென்டில் தொடங்கி 200 டாலர் வரைக்கும் போகிறது. முதலில் வந்த இந்த வரிசைக்கு ‘முதல் வெளியீடு’ என்று பெயர், அது முழுக்க வாஷிங்டன்தான். ஒருவர் தலையை வைத்தே ஒரு போருக்கு வசூல் பண்ணியிருக்கிறார்கள்.

கிறுக்கலுக்கு வருவோம். ஸ்டாம்பை ஒட்டியவரே தன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் அதன் மேல் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கழற்றி மறுபடி ஒட்டிவிடுவார்களே. நம் ஊரில் சம்பளப் பட்டுவாடா ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டிக் குறுக்கே கையெழுத்துப் போடுவோம் இல்லையா, அதே காரணம்தான். அமெரிக்காவில் 1864-ல் 20 டாலருக்கு மேற்பட்ட ரசீதுக்கு 2 சென்ட் ஸ்டாம்பைக் கட்டாயமாக்கினார்கள். நம் ஊரில் 5,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய்.

ஆகவே பேனா எழுத்து அசிங்கம் இல்லை, அந்த ஸ்டாம்ப் தன் வேலையைச் செய்ததற்கான சாட்சி. தபால்தலை சேர்ப்பவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், விடுங்கள். கம்பெனிப் பெயரோடு ரப்பர் முத்திரை குத்தியிருந்தால் கூடக் கொஞ்சம் கொடுப்பார்கள். கத்தியாலோ இயந்திரத்தாலோ கீறி ரத்து செய்தது என்றால் குறைப்பார்கள்.

3 மார்ச், சாயங்காலம்

500 டாலர் விவகாரத்தை விட்டுவிட்டேன். கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. தேடும்போது விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், மனசு அடங்கும்.

படம் அனுப்பாமலே சொல்கிறேன், உங்கள் நாற்பதில் பாதியாவது 2 சென்ட் ஆரஞ்சாக இருக்கும். ‘பாங்க் செக்’ என்றோ ‘யு.எஸ். இன்டர். ரெவ்.’ (அமெரிக்க உள்நாட்டு வருவாய்) என்றோ எழுதியிருக்கும். செக் எழுதிய ஒவ்வொருவரும் ஒட்டியது, கோடிக்கணக்கில் அடித்தது. தனித்தனியாக அவற்றுக்கு விலையே கிடையாது, பிடி பிடியாக அள்ளி விற்பார்கள். 50 சென்ட் நீலம், ‘கன்வேயன்ஸ்’ (சொத்து கைமாறுகிற பத்திரம்) என்று போட்டது, அதுவும் அப்படித்தான். காபி விலைகூடத் தேறாது.

பழசு என்பதால் விலை ஏறாது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இந்த இரண்டும்தான் கணக்கு.

5 மார்ச்

கழற்றாதே என்று சொல்லிவிட்டுக் காரணம் சொல்லவில்லை. சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் நியூஜெர்சி வந்த புதிது. ஒரு பழைய பொருள் கடையில் கட்டுக் கட்டாகப் பத்திரம். தபால்தலை சேர்க்கிற பழக்கத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து பேசினில் ஊறப்போட்டேன். பன்னிரண்டு ஸ்டாம்ப் அழகாகக் கழன்று வந்தது. ஈரப் பத்திரங்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். காய்ந்த பிறகு பார்க்கிறேன், ஒரு ஸ்டாம்பில் 1862 நவம்பர் தேதி.

அது ஏன் வயிற்றெரிச்சல் என்றால், ஆரம்பத்தில் ஸ்டாம்பின் பெயரும் காகிதத்தின் வகையும் பொருந்த வேண்டும் என்று சட்டம். குத்தகைக்கு ‘லீஸ்’, அடமானத்துக்கு ‘மார்ட்கேஜ்’, உயிலுக்கு ‘ப்ரோபேட் ஆஃப் வில்’. இந்தக் கூத்து மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. 1862 டிசம்பர் 25 அன்று, மருந்து, தீப்பெட்டி மாதிரிச் சரக்குகளுக்கான ‘ப்ரொப்ரைட்டரி’ தவிர எந்த ஸ்டாம்பை எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று தளர்த்திவிட்டார்கள். அதனால் அந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காகிதத்தில் பெயர் பொருந்திய ஸ்டாம்ப் ஒட்டி முழுசாகக் கிடைத்தால் சேர்ப்பவர்கள் விடமாட்டார்கள். என்னிடம் இருப்பது வெறும் ஸ்டாம்ப். எதில் ஒட்டியிருந்தது என்று சொல்ல வேண்டிய காகிதம் குப்பை லாரியில் போயிற்று.

உங்கள் பெட்டியில் 1862 தேதியிட்ட காகிதம் எத்தனை? அதை முதலில் பிரித்து வையுங்கள்.

6 மார்ச்

திருத்தம். தம்பி தனிச்செய்தியில், “6 சென்ட் ஆரஞ்சு ஒன்று இருக்கிறது, அதுவும் சாதாரணம்தானே?” என்று கேட்டார். ‘ஆமாம்’ என்று போனிலிருந்தே பதில் தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் உறைத்தது. 6 சென்ட் ஆரஞ்சு இரண்டு உண்டு.

அதே நிறம், அதே தலை, அதே மதிப்பு. ஒன்றில் ‘இன்லேண்ட் எக்ஸ்சேஞ்ச்’ (உள்நாட்டு உண்டியல்) என்று இருக்கும். ஸ்டாம்புகளுக்கு எண்ணும் விலையும் போடுகிற ஸ்காட் கேடலாக்கில் ஆர்30, ஒன்றிரண்டு டாலர் சரக்கு. இன்னொன்றில் ‘ப்ரொப்ரைட்டரி’. அது ஆர்31, ஆயிரம் டாலருக்கு மேல் போகிற அபூர்வம். இரண்டுக்கும் வித்தியாசம் வாஷிங்டனை ஒட்டி இருக்கிற பொடி எழுத்து மட்டும்தான், அதன் மேல்தான் பேனா மையும் ஓடியிருக்கும்.

பூதக்கண்ணாடி வைத்து அந்த எழுத்தைப் படித்துச் சொல்லுங்கள். நிறத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்து விலை சொல்லாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவன் நான்.

6 மார்ச், சற்று நேரம் கழித்து

இன்லேண்ட் எக்ஸ்சேஞ்சாம். சரி. அநேகமாக எல்லாருக்கும் அதுதான்.

9 மார்ச்

ஓரத்துப் பல், அதாவது ஸ்டாம்பைக் கிழிக்க வசதியாகப் போடும் துளை வரிசை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் வெளியீடு மூன்று வகை. நாலு பக்கமும் பல் இல்லாமல் கத்தரியால் வெட்டியது, இரண்டு எதிர்ப்பக்கம் மட்டும் பல் உள்ளது, நாலு பக்கமும் பல் உள்ளது. கேடலாக்கில் எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று வரும். கடைசி காலத்தில் பட்டு நூலிழை கலந்த காகிதத்திலும் அடித்தார்கள், அது டி. பல் இல்லாததும் அரைப்பல்லும் அநேகமாக ஆரம்பகாலச் சரக்கு, பல மதிப்புகளில் விலை எங்கேயோ போய்விடும்.

விலை எங்கே ஏறுகிறதோ அங்கே கத்தரி வரும். பல் உள்ளதை நறுக்கி ‘பல் இல்லாதது’ என்று விற்பது நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற தொழில். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. ஒரு கண்காட்சியில் 60 டாலர் கொடுத்து வாங்கினேன். நாலு ஓரமும் நேர்க்கோடு, எனக்கு ஒரே பெருமை. ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் சங்கத்தில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் பையிலிருந்து அதே மதிப்பில் பல் உள்ள சாதா ஸ்டாம்ப் ஒன்றை எடுத்து, இடுக்கியால் பிடித்து என்னுடையதன் மேல் வைத்தார். என்னுடையது அதற்குள் மறைந்துபோயிற்று. பல் இல்லாத ஸ்டாம்ப் பல் உள்ளதைவிட அகலமாக ஓரம் விட்டிருக்க வேண்டும். சிறியது என்றால் நறுக்கியது என்றே சந்தேகப்பட வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை, பைசா செலவில்லை. அதன் பிறகு பல் இல்லாததை ஜோடியாகத்தான் வாங்குகிறேன். இரண்டு ஸ்டாம்ப் ஒட்டியபடியே இருந்து நடுவில் பல் இல்லை என்றால் கத்தரிக்காரனுக்கு அங்கே வேலை இல்லை.

10 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு அவசரம். ஓரம் அகலமாக இருந்தால் நிச்சயம் அசல் என்று படித்துவிடக் கூடாது. தாளின் ஓரத்தில் வந்த பல்லுள்ள ஸ்டாம்ப் சில சமயம் ஒரு பக்கம் தாராளமாக இருக்கும். அதை நறுக்கியும் ஏமாற்றலாம். சிறியது என்றால் நம்பாதீர்கள், பெரியது என்றால் ‘இருக்கலாம்’. விலை அதிகமானதற்கு நிபுணர் சான்றிதழ் வாங்குவதுதான் வழி.

பேனா மையை ரசாயனத்தால் போக்கிப் ‘பயன்படுத்தாதது’ என்று விற்பதும் உண்டு. முதல் வெளியீட்டில் பசையோடு புதிதாக ஒன்றை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

13 மார்ச்

போட்டோவைத் திருப்பிப் பார்த்தீர்களா? நான் கேட்கும் வரை அதைப் பற்றிப் பேச்சே இல்லை!

போட்டோவுக்கும் வரி இருந்தது, சரியாக இரண்டே வருடம், 1864 ஆகஸ்ட் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரை. படத்தின் விலை 25 சென்ட் வரை என்றால் 2 சென்ட், 50 வரை 3 சென்ட், ஒரு டாலர் வரை 5 சென்ட். ஸ்டூடியோக்காரர் அட்டையின் பின்பக்கம் ஒட்டித் தன் முதலெழுத்தைப் போடுவார். பெயர் தெரியாத, ஊர் தெரியாத ஒரு பெண்ணின் படம் என்றாலும் பின்னால் ஸ்டாம்ப் இருந்தால் இந்த இரண்டு வருடத்துக்குள் விற்றது என்று அடித்துச் சொல்லலாம். 3 சென்ட் பச்சை என்றால் அது கொஞ்சம் நல்ல ஸ்டூடியோ என்றும் தெரிகிறது. சீட்டுக்கட்டுக்கு என்று அடித்த 2 சென்ட் நீலத்தை ஒட்டிய போட்டோக்களும் உண்டு, அவற்றுக்குத் தனி மவுசு.

ஸ்டாம்பை மட்டும் கழற்றினால் சில சென்ட். அட்டையோடு இருந்தால் போட்டோ சேர்ப்பவர், ஸ்டாம்ப் சேர்ப்பவர் இரண்டு பேரும் வருவார்கள்.

14 மார்ச்

3 சென்ட் பச்சையாம், மீசை வைத்த சிப்பாய்ப் படமாம். சிப்பாய்ப் படம் என்று ஏன் முதல் நாளே சொல்லவில்லை? ஸ்டாம்பை மறந்துவிடுங்கள், பெட்டிக்குக் கொடுத்த 15 டாலர் அந்த ஒரு அட்டையிலேயே திரும்பிவிடும்.

20 மார்ச்

ஒரு வாரமாக ஆபீசில் பிடுங்கல். அதற்குள் தம்பி, “வாஷிங்டன் கறுப்பு, சுற்றிலும் நீலம், இது என்ன?” என்று ஒரு படம் போட்டிருக்கிறார்.

அது இரண்டாம் வெளியீடு, 1871. மையை அழித்து மறுபடி ஒட்டுகிற வேலை பெருகியதால் ஊதாச் சாயல் காகிதத்தில், பட்டு நூலிழை கலந்து, இரண்டு நிறத்தில் அடித்தார்கள். ஸ்டாம்பை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தால் குட்டிக் குட்டி மயிரிழை தெரியும். பெரிய கில்லாடித்தனம் பண்ணிவிட்டு ஒரு அசட்டுத்தனமும் பண்ணினார்கள். எல்லா மதிப்புக்கும் ஒரே நீலச் சட்டம்! 5 சென்டும் 50 சென்டும் அவசரத்தில் ஒன்று போலத் தெரிய, புகார் குவிந்தது. அடுத்து வந்த மூன்றாம் வெளியீட்டில் மதிப்புக்கேற்ப நிறத்தை மாற்றினார்கள். அதற்குள் வரியே முடியப் போகிற காலம். 1872 அக்டோபர் 1 முதல் பத்திரங்களுக்கெல்லாம் வரி நீக்கம், செக்குக்கு உண்டான 2 சென்ட் மட்டும் 1883 ஜூலை வரை ஓடியது.

இரண்டு தடவை அச்சில் ஓட்டினார்கள் என்றால் ஒரு தடவை தாளைத் தலைகீழாகச் செருகியிருப்பார்கள் இல்லையா. வாஷிங்டன் தலைகீழாக நிற்கிற பிழை இந்த வெளியீடுகளில் உண்டு. எல்லாவற்றையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். நானும் இருபது வருடமாகப் பார்க்கிறேன், இதுவரை நேராகத்தான் நிற்கிறார்.

இரண்டாம் வெளியீட்டின் 500 டாலர் ஸ்டாம்புக்குப் ‘பாரசீகக் கம்பளம்’ என்று செல்லப்பெயர். மூன்று நிறத்தில், அவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு. நல்ல படி பத்தாயிரம் டாலரைத் தாண்டும். ஒரு தடவை கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்ததில் கண்ணாடியில் ஆவி படிந்து காவலர் முறைத்தார்.

21 மார்ச்

உருளைக்கிழங்கு ஸ்டாம்ப் நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜம். 1935-ல் உருளைக்கிழங்கு விளைச்சலைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டு, ஒதுக்கீட்டுக்கு மேல் விற்றால் பவுண்டுக்கு முக்கால் சென்ட் வரி என்றார்கள். ஸ்டாம்பும் அடித்தார்கள். 1936 பிப்ரவரியில் சட்டமே ரத்து. அதனால் ஒட்டாத ஸ்டாம்ப் சல்லிசாகக் கிடைக்கும், ஒட்டிப் பயன்படுத்தியதைக் கண்டால்தான் ஆச்சரியம். தபால்தலைக்காரர்களுக்கு இதைச் சொன்னால் தலை சுற்றும்.

தீப்பெட்டி, மருந்து ஸ்டாம்பும் இப்படி ஒரு தனிக் கிளை. கம்பெனிக்காரர் தன் செலவில் சொந்த அச்சு வெட்டிக்கொண்டால் அரசாங்கம் வரியில் தள்ளுபடி கொடுத்தது. விடுவார்களா? தாடி வைத்த மருந்து வியாபாரிகள் பலரும் தங்கள் முகத்தையே ஸ்டாம்பில் போட்டுக்கொண்டார்கள். அரசாங்கச் செலவில்லாமல் விளம்பரம். இந்த ஸ்டாம்பைப் பெட்டியின் வாயில், திறந்தால் கிழிகிற மாதிரி ஒட்டினார்கள். ஆகவே கிழிசல்தான் வழக்கம். முழுசாக இருந்தால் இரண்டாவது தடவை சந்தேகத்தோடு பார்ப்பேன், யாராவது பழுது பார்த்திருப்பார்கள்.

24 மார்ச்

கப்பல் படம் போட்ட ஐந்தாறு ஸ்டாம்ப் பற்றி: 1898, ஸ்பெயினோடு போர், மறுபடி அதே வித்தை. ஜூலை 1 அன்று வரி அமல், ஸ்டாம்ப் போதவில்லை, கையிருப்பிலிருந்த 1 சென்ட், 2 சென்ட் தபால்தலை மேல் ‘ஐ.ஆர்.’ (இன்டர்னல் ரெவின்யூ) என்று அடித்துக் கொடுத்தார்கள். உங்களுடையது சாதாரணக் கப்பல்தான். எத்தனை டஜன் வேண்டும், நான் தருகிறேன்.

31 மார்ச்

கிரயப் பத்திரங்களைத் தனியாகப் பிரித்து அனுப்பியதற்கு நன்றியெல்லாம் அப்புறம். 1956 தேதியிட்ட அந்தப் பத்திரத்தைப் பாருங்கள். விலை என்ன போட்டிருக்கிறது? ‘ஒரு டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலனும்’ என்று இருக்கும். நம் ஊரில் கைடுலைன் வேல்யூ என்று ஒன்றை எழுதி நிஜ விலையை மறைப்பதுபோல, இங்கே ஒரு டாலரில் மறைப்பார்கள். ஆனால் ஸ்டாம்ப் மறைக்காது.

அந்தக் காலத்தில் கிரயத்துக்கு 500 டாலருக்கு 55 சென்ட் வரி. 1940-க்கு முன்னால் 50 சென்ட், அதில் பத்து சதவீதம் ஏற்றியதால் 55. 1950களில் 55 சென்ட், 1.10, 1.65, 2.20 டாலர் என்று விசித்திரமான மதிப்பில் ஸ்டாம்ப் வந்தது இதனால்தான். வாஷிங்டன் போய், நிதித்துறைச் செயலாளர்களின் முகம் வந்திருக்கும். ஸ்டாம்பை எல்லாம் கூட்டி 55-ஆல் வகுத்து 500-ஆல் பெருக்குங்கள்.

31 மார்ச், இரவு

13.20 டாலராம். 24 தடவை 55 சென்ட். அப்படியென்றால் வீட்டின் விலை 12,000 டாலர். எழுதியவர் ஒரு டாலர் என்கிறார், ஒட்டியவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

1 ஏப்ரல்

முட்டாள் தினத்தில் திருத்தம் போடுகிறேன், ஆனால் இது நிஜம். நேற்றுச் சொன்ன கணக்கில் ஓட்டை. வீட்டின் மேல் ஏற்கெனவே இருந்த அடமானத்தை வாங்குபவர் தன் தலையில் ஏற்றுக்கொண்டால் அந்தத் தொகைக்கு இந்த வரி கிடையாது. கையில் கொடுத்த மீதிக்கு மட்டும்தான் ஸ்டாம்ப். ஆகவே 12,000 என்பது விலையாகவும் இருக்கலாம், விலையில் ஒரு பங்காகவும் இருக்கலாம். பத்திரத்தில் ‘அடமானத்துக்கு உட்பட்டு’ என்கிற மாதிரி ஒரு வரி இருக்கிறதா, முழுக்கப் படித்துப் பாருங்கள். இன்னொன்று, ஐநூறில் ஒரு பகுதி மிஞ்சினாலும் முழு 55 சென்ட் ஒட்ட வேண்டும், அதனால் 11,500-க்கு மேல் 12,000-க்குள் எதுவாகவும் இருக்கலாம்.

7 ஏப்ரல்

மொத்தமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். கேடலாக் விலையைக் கூட்டிப் பார்த்து மயங்காதீர்கள், அது கடைக்காரர் நல்ல படிக்குக் கேட்கிற விலை. என் அனுபவத்தில் சாதாச் சரக்குக்கு அதில் கால்வாசி வந்தாலே பெரிது. உதிரி நாற்பதுக்கும் சேர்த்துப் பத்து டாலர் கிடைக்கலாம். இரண்டாம் வெளியீட்டு நீலத்தை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். சிப்பாய் அட்டை தனி. 1862 தேதியிட்ட காகிதம் மூன்று என்றீர்களே, அதில் என்ன தேதி, என்ன பெயர் என்று இன்னும் சொல்லவில்லை. அதற்காகத்தான் நான் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

7 ஏப்ரல், பின்னிரவு

படம் வந்தது. முதலாவது டிசம்பர் 30. டிசம்பர் 25 தளர்வுக்கு ஐந்து நாள் தாமதம், போகட்டும். இரண்டாவதில் தேதி மங்கல். மூன்றாவது குத்தகைப் பத்திரம், 1862 நவம்பர் 18, ஸ்டாம்பில் ‘லீஸ்’ என்றே இருக்கிறது, பேனா எழுத்து ஸ்டாம்பையும் காகிதத்தையும் சேர்த்துக் கடந்து ஓடுகிறது.

மடிக்காமல் ஒரு பெரிய கவருக்குள் போட்டு வையுங்கள் தம்பி. பிளாஸ்டிக் வேண்டாம். வருகிற சனிக்கிழமை பென்சில்வேனியா பக்கம் வருகிறேன், விற்பதென்றால் எனக்குச் சொல்லிவிட்டு விற்கவும்.